மதியச் சாப்பாட்டைக் கூறு போடாதீர்கள்

சாயங்கால டிபனை எண்ணி வாங்கி எண்ணிக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. தின்றதற்குக் காசு, சரி. ஆனால் மதியச் சாப்பாட்டையும் இப்போது அப்படி ஆக்குகிறார்கள். முழுச் சாப்பாடு போட்ட இடத்தில் லிமிடெட் மீல்ஸ் வந்துவிட்டது. கூடுதல் சோற்றுக்குத் தனிக் காசு. போன வாரம் போன ஓட்டலில் இன்னொரு கிண்ணம் ரசம் கேட்டதும் பில்லில் ஏறியது. ரசத்துக்குக்கூடவா?

முழுச் சாப்பாட்டுக்கு ஒரே விலை வைக்கிறவருக்கு ஒரு கணக்கு உண்டு. மூட்டை தூக்குகிறவர் நாலு முறை சோறு வாங்குவார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் நான் ஒன்றரை முறையோடு மோருக்குப் போய்விடுவேன். இருவரும் கொடுப்பது ஒரே தொகை. நான் கொடுத்ததில் கொஞ்சம் அவர் இலையில் சோறாக விழுகிறது. எனக்கு அதில் முழு சம்மதம். விலை முன்கூட்டியே தெரிவதால், பையில் இருக்கும் பணத்தை நினைத்து அவர் பாதி வயிற்றோடு எழ வேண்டியதில்லை.

வீணாகிறது என்பார்கள். பஃபேயில் வீணாகிறது, ஒத்துக்கொள்கிறேன். இலைச் சாப்பாட்டில் கரண்டி கரண்டியாகக் கேட்டுத்தானே போடுகிறார்கள்? கூட்டு பிடிக்காதவர் கையைக் காட்டி வேண்டாம் என்கிறார், முடிந்தது. கிண்ணம் கிண்ணமாக அடுக்கி வரும் அளவுத் தட்டில்தான் யாரும் கேட்காத பொரியலும் இனிப்பும் வந்து, தொடாமலே குப்பைக்குப் போகின்றன.

இந்த விஷயத்தில் நம் அசைவ ஓட்டல்காரர்கள் வைத்திருக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோழி, மட்டன், மீன் என்று எந்தக் குழம்பு கேட்டாலும் சாப்பாட்டு விலைக்குள் அடக்கம். வறுவல், சுக்கா, ஆம்லேட் வேண்டுமானால் தனிக் காசு. பசிக்கான சோறும் குழம்பும் பொது, நாக்குக்கு வேண்டியதை அவரவர் வாங்கிக்கொள்ளலாம். விலையேற்றம் தாங்காத சைவ ஓட்டல்களும் இந்த வழியில் போகலாமே. ஸ்வீட்டையும் ஐஸ்கிரீமையும் தனியாக விற்கட்டும், சோறு, சாம்பார், ரசம், மோரைத் தொட வேண்டாம்.

வயதானவர்கள் விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்பு சொல்வது நியாயம். என் அம்மா ஒரு கைப்பிடி சாப்பிடுவார், அதற்கு முழு விலை கேட்பது அநியாயம்தான். அவருக்கு அளவுச் சாப்பாடோ ஒரு தயிர் சாதமோ இருக்கட்டும். ஆனால் அளவுச் சாப்பாட்டைப் போர்டில் எழுதும்போது முழுச் சாப்பாட்டை ஏன் அழிக்கிறீர்கள்? இரண்டும் இருந்தால் என்ன?

அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் ஏறிவிட்டது என்று எனக்கும் தெரியும். ஓட்டல் நடத்தும் நண்பர்களிடம் கேட்பது இதுதான்: வேண்டுமானால் சாப்பாட்டு விலையில் 10 ரூபாய் கூட்டுங்கள், கொடுக்கிறோம். இரண்டாம் முறை சோறு கேட்கிறவரிடம் மட்டும் "எக்ஸ்ட்ரா சார்ஜ் ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்கச் சொல்லாதீர்கள்.