ஆப் எண்ணிக்கை வேறு, போட்டி வேறு
"ஓடிடி ஆப் எத்தனையோ இருக்கு, ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையும் இரண்டு நிறுவனங்களிடம் பிரிஞ்சுதானே இருக்கு, அப்புறம் போட்டிக்கு என்ன குறை" என்பது 2022 ஏலத்தோடு நின்றுபோன தகவல். 2023–27க்கான டிவி உரிமையை ஸ்டார் ரூ.23,575 கோடிக்கும், இந்தியாவுக்கான முதன்மை டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 ரூ.20,500 கோடிக்கும் எடுத்தன, சரி. ஆனால் 2024 நவம்பரில் அந்த இரண்டும் இணைந்துவிட்டன. 2025 பிப்ரவரி 14 முதல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒரே ஆப். ஐபிஎல் பார்க்கிறவருக்கு நெட்ஃப்ளிக்ஸ் எப்படி மாற்றாகும்? சந்தா ஏறினால் தாவ இடமில்லை.

நிறுவனங்களுக்கிடையே வணிகப் போட்டி குறையாமல் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் சும்மா விட்டுவிடவில்லைதான். 2024 ஆகஸ்டில் இந்த இணைப்புக்கு ஒப்புதல் தந்தபோது, கிரிக்கெட்டுக்கான டிவி, ஓடிடி விளம்பர இடங்களைச் சேர்த்துக் கட்டி விற்கமாட்டோம் என்று உறுதி வாங்கியது. ஆனால் அது விளம்பரதாரருக்கான காப்பு. நம் சந்தா விலையை அது தொடாது.