மழை எங்கே பெய்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக்குப் பெயர் கொடுத்ததே ஷீஃப் ஆறுதான். ஆனால் ஊரின் நடுவில் அது பெரும்பாலும் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது. 1870இல் திறந்த ரயில் நிலையத்துக்குக் கீழே போர்ட்டர் ஓடையைச் சேர்த்துக்கொண்டு, பிளாங்க் தெருப் பாலத்தருகே டான் ஆற்றில் கலக்கிறது. அந்தச் சுரங்கத்தின் கடைசியில் இருக்கும் பிரம்மாண்டமான செங்கல் கூடத்துக்கு 'மெகாட்ரான்' என்று பட்டப்பெயர். அதன் புகைப்படம் பார்த்தவர்களுக்கெல்லாம் உள்ளே நடக்க ஆசை வருகிறது. தப்பில்லை. இருட்டுக்கும் எலிக்கும் பயந்துவிட்டு, மழையை மறந்துவிடுகிறார்களே, அதுதான் என் ஆதங்கம்.

ஷீஃபுக்குத் தண்ணீர் டாட்லி பக்கத்து மேட்டிலிருந்து வருகிறது, போர்ட்டருக்கு ரிங்கிங்லோ சதுப்பு மேட்டிலிருந்து. ஊருக்குள் வெயில் அடிக்கும்போதே அங்கே கொட்டித் தீர்த்திருக்கும். வழியில் தார்ச்சாலைகளின் மழைநீரும் சேர்ந்துகொள்ளும். உள்ளே மட்டம் ஏறினால் ஒதுங்கக் கரை கிடையாது. இங்கிலாந்தில் ஆற்று மட்டம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகிறது, அதன் வரைபடத்தை இணையத்தில் பார்க்கலாம். கோடு கொஞ்சம் ஏறுமுகமாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். நீரின் வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்கு; முழங்காலளவு நீரே ஆளைச் சாய்த்துவிடும். உள்ளே இருக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, இலை சருகு திடீரென மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் திரும்புங்கள்.

ஓடை வெளியே வரும் வாயில் நுழைந்து நீரை எதிர்த்து நடப்பதே நல்லது. களைத்துத் திரும்பும்போது ஓட்டம் உங்களோடு வரும். கையில் ஒரு கம்பு கட்டாயம். செங்கல் தளம் முடியும் இடத்திலும் தூணடியிலும் நீர் அரித்த குழிகள் இருக்கும். கலங்கல் நீரில் கண்ணுக்குத் தெரியாது. மார்பளவு ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு அந்தக் குழியில் விழுந்தால் உள்ளே நீர் நிரம்பி எழுவதே பெரும்பாடு. கயிறு கட்டிய பூட்ஸும் நியோப்ரீன் காலுறையும் போதும். தலைவிளக்கு ஆளுக்கு இரண்டு.

பக்கவாட்டுக் குழாய்களில் நுழையவே நுழையாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்துவிட்டுச் சட்டென நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்கு மரத்துப்போயிருக்கலாம். ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும், கையில் கொண்டுபோகும் வாயு மீட்டர் 19.5க்குக் கீழே காட்டினால் உடனே வெளியே.

கைகால் வெட்டுக்காயத்தை நீர்புகாத பிளாஸ்டரால் மூடுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் ஓடையில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை ஃப்ளூ என்று விட்டுவிடுவது சுலபம்.

உள்ளே போன் எடுக்காது. வெளியே ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் தாண்டினால் அவர் தேடி உள்ளே வரக்கூடாது, அவசர உதவி எண் 999ஐ அழைக்க வேண்டும்.