கேம்பர்வேன் குளிர்சாதனப் பெட்டி: ஒரு திருத்தம்

டிசம்பர் விடுமுறைக்கு வெளியே போய் கேம்பர்வேன் (படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வேன்) வாடகைக்கு எடுப்பவர்களுக்காக ஒருவர் எழுதியிருக்கிறார்: கேஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்குள் அம்மோனியாவும் தண்ணீரும்தான், எரிய ஒன்றுமில்லை என்று. மன்னிக்கவும், அது சரியல்ல. கம்ப்ரசர் இல்லாத அந்தப் பெட்டிகளின் குழாய்களில் அழுத்தத்தோடு ஹைட்ரஜனும் அடைபட்டிருக்கிறது. பர்னர் பக்கத்தில் குழாய் விரிசல் விட்டால் தீப்பற்றலாம். இத்தகைய பெட்டிகளைத் தயாரிக்கும் டொமெட்டிக் நிறுவனம் 2006இல் அமெரிக்காவில் பல மாடல்களைத் திரும்ப அழைத்தது இந்த ஆபத்துக்காகத்தான்.

சந்தேகமிருந்தால் அந்த மாடலின் கையேட்டில் குளிரூட்டும் பகுதிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் இணையத்தளத்திலும் அந்த அறிவிப்பைத் தேடலாம். அப்புறம், வாடகை வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது பெட்டியின் பின்புறம் மஞ்சள் நிறத் தூளோ அம்மோனியா நெடியோ இருந்தால் அது கசிவின் அடையாளம்; பிள்ளைகளோடு போகிறீர்கள், தயவுசெய்து வேறு வண்டி கேளுங்கள்.