துடுப்பு வெட்டின மீன்

ஸ்க்ரீன்ஷாட் எனக்கும் வந்துவிட்டது. ஒருத்தர் இல்லை, பதினோரு பேர் அனுப்பினீர்கள், நன்றி. நான் பிடித்த சால்மன் மீனோடு சிரிக்கிற என் படத்தைப் போட்டு "பிறந்த இடம் தேடி வந்த ஜீவனைக் கொன்றுவிட்டுப் பல்லைக் காட்டுகிறான்" என்று எழுதிய அண்ணனுக்கு இன்பாக்ஸில் பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். பிளாக் செய்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். அதனால் இங்கே.

அண்ணே, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி மாதிரி ஒரு சதைத் துடுப்பு இருக்கவேண்டும். இல்லை. ஆறின தழும்புதான் இருக்கிறது. குஞ்சாக இருக்கும்போதே ஹேச்சரியில், அதாவது மீன்குஞ்சு பொரிக்கும் பண்ணையில், வெட்டிவிட்டார்கள், பின்னால் தூண்டிலில் வந்தால் அடையாளம் தெரியட்டும் என்று. ஆற்றைத் திறந்தது இதற்கு மட்டும்தான். துடுப்பு இருந்தால் அது ஆற்றில் தானாகப் பிறந்த மீன், விட்டுவிடவேண்டும்; தண்ணீரைவிட்டு முழுசாகத் தூக்கவே எனக்கு அனுமதி கிடையாது.

பிறந்த இடமாம். நான் பிடித்தது அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து விண்ட் நதியில். அங்கே ஷிப்பர்ட் அருவியைத் தாண்டி ஸ்பிரிங் சினூக், அதாவது வசந்த காலத்தில் ஆறு ஏறும் சால்மன், தானாக ஏறினதே இல்லை. அருவியில் மீன் ஏறிப்போகப் படிப்படியாக ஏணி கட்டி, கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில் பிடித்த மீன்களின் வம்சத்தை கார்சன் ஹேச்சரியில் பொரித்து விட்டதால்தான் இன்று வருகிறது. அது பிறந்தது தொட்டியில், அண்ணே. பிடிக்கிறதுக்கென்றே வளர்த்த மீன்.

"பண்ணைக் கோழியைப் பிடிப்பதில் என்ன வீரம்?" என்று ஒரு தம்பி. வீரம் என்று நான் எங்கே சொன்னேன்? பானவிலைத் தாண்டிக் கடலுக்குப் போய், வருஷக்கணக்கில் அங்கே பிழைத்து, அணைக்குக் கீழே காத்திருக்கும் கடல்சிங்கத்துக்குத் தப்பி, ஏணி ஏறித் திரும்பி வந்த கோழியை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

விட்ட மீனிலும் சிலது சாகும் என்கிறீர்கள். சாகும்தான். முள்ளில்லாத கொக்கி போடுகிறேன். அதற்குமேல் என்ன செய்ய?

ஆறு பழங்குடிகளுடையதுதானே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இந்தப் பகுதிப் பழங்குடிகளான யாகமா மக்களுக்கு, அமெரிக்க அரசோடு போட்ட 1855 ஒப்பந்தப்படி மீன்பிடி உரிமை உண்டு, அவர்களும் பிடிக்கிறார்கள், அவர்களே ஹேச்சரியும் நடத்துகிறார்கள். அவர்களிடம் போய்க் கொலை என்று சொல்லிப் பாருங்களேன்.

மூன்று வருஷத்துக்கு முன், விண்ட் நதி கொலம்பியாவில் சேரும் இடத்தில், மழை. நாலு மணி நேரம் ஒன்றுமில்லை. கடைசியில் ஒன்று மாட்டியது, படகையே இழுத்தது. பக்கத்தில் வந்ததும் முதுகைக் கட்டைவிரலால் தடவினேன். துடுப்பு இருந்தது, ஜவ்வு மாதிரி. கொக்கியைக் கழற்றினேன், போய்விட்டது. மகள் கேட்டாள், "அப்போ, வெட்டினதை மட்டும் கொல்லலாமாப்பா?" பதில் சொல்லாமல் மோட்டாரைப் போட்டேன். உங்களைவிட நல்ல கேள்வி அது, அண்ணே. அவள் யாரையும் பிளாக் செய்யவில்லை.

ஜீவகாருண்யம் பேசலாம். அணையைப் பற்றியும் பேசுங்கள். கொலம்பியாவின் கிராண்ட் கூலி அணையில் ஏணியே வைக்கவில்லை, அதற்கு மேலே போக வேண்டிய மீன் மொத்தமும் நின்றுபோனது. பழங்குடிகள் மீன் பிடித்த செலிலோ அருவி 1957இல் டேல்ஸ் அணைத் தண்ணீரில் மூழ்கியது. நீங்கள் கமெண்ட் எழுதின போன் எந்தக் கரண்டில் சார்ஜ் ஆனது? ஒரு மீனோடு நான் சிரித்தது மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.

போன வருஷம் என் வீட்டில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அதுவும் துடுப்பு வெட்டின சினூக்தான். மிச்சக் குழம்பை அண்ணிக்கென்று கொண்டுபோனீர்கள். சட்டி இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதையாவது கொடுத்தனுப்புங்கள்.