துருத்தியை இழுக்காமல் ஒரு சத்தம் வரவையுங்கள் பார்ப்போம்

நேற்று மேடையில் நான் டிஜிட்டல் அக்கார்டியன் (துருத்தியை இழுத்து வாசிக்கும் பெட்டிதான், ஒலி மட்டும் மின்னணுவில் பிறக்கும்) வாசித்தபின் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். மறுபடி விவரிக்கப் போவதில்லை. "அது அக்கார்டியனே இல்லை, பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டர்" என்று சொன்ன பெரியவரின் பெயரையும் எழுதமாட்டேன். (அவர் பேசிய மைக்கும் கரண்டில்தான் ஓடியது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.) இந்தப் பதிவு அவர் சொன்னதற்குக் கைதட்டியவர்களுக்கு.

டேப் ரிக்கார்டராம்! என் பெட்டியில் கட்டையை அழுத்திக்கொண்டே உட்காருங்கள். துருத்தி அசையாவிட்டால் ஒரு முனகல்கூட வராது. உள்ளே காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. மெல்ல இழுத்தால் மெல்லிய ஒலி, வெடுக்கென்று இழுத்தால் சீறல். நிஜப் பெட்டியில் எஃகு நாக்கு, அதாவது ரீடு, காற்றில் துடிக்கிறது. கீழ் ஸ்தாயியின் தடித்த ரீடு சற்றுத் தாமதமாகத்தான் விழிக்கும். கட்டையை விடும்போது மூடி விழும் 'டக்'கும் கேட்கும். நல்ல டிஜிட்டல் பெட்டி இதையெல்லாம் அப்படியே செய்துகாட்டுகிறது. துருத்தி அசையாமலே ஒலிக்கவைக்கும் செட்டிங்கும் உண்டுதான். நான் அதைத் தொட்டதில்லை, போதுமா?

"போலி போலிதானே" என்பீர்கள். நிஜ அக்கார்டியனில் ஒலியின் நிறத்தை மாற்றும் ரெஜிஸ்டர் சுவிட்சுகளின் பெயர்களைப் படித்திருக்கிறீர்களா? பஸூன், கிளாரினெட், பிக்கோலோ. 1829-இல் வியன்னாவில் டெமியன் என்பவர் காப்புரிமை வாங்கிய அந்தக் கருவியின் வாரிசே பிற வாத்தியங்களின் பெயரை மாட்டிக்கொண்டு திரிகிறது. அதைப் போலி என்று யாரும் சொல்லவில்லை.

டிஜிட்டலில் நெஞ்சில் அதிர்வு வராது என்பார்கள். வராது. ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது?

நானும் நிஜப் பெட்டியோடு வாழ்ந்தவன்தான். பிடித்திருக்கும் மெழுகு காய்ந்து ரீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோது, இரவெல்லாம் சுரண்டிச் சுரண்டிச் சுருதி சேர்த்திருக்கிறேன். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். மியூசெட் என்ற அலையாடும் ஒலிக்கு ஒரு ரீடு வினாடிக்கு 440 அதிர்வு, அதன் ஜோடி 443. இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு மூன்று அலை. ஒருநாள் கை தவறி ஒரு நாக்கு முறிந்தது. அன்று அழுதேன். இன்று அதே அலையை ஒரு செட்டிங்கில் மாற்றுகிறேன் என்பதால் என் காது செத்துவிட்டதா? இருபது வருடம் துருத்தி இழுத்த தோளும் போலியா?

இதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். நிகழ்ச்சிக்கு முன் திரைக்குப் பின்னால் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அதே பெரியவர் கேட்டார்: "ரீடு பிரமாதமா பேசுதே, யார் தம்பி ட்யூன் பண்ணது?"

திரையை விலக்கிப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. அதை மட்டும் அவர் மைக்கில் சொல்லவில்லை.