அந்தப் படத்தில் இருப்பது ரிங்கோ அல்ல

“1960, ஹாம்பர்க்கில் ரிங்கோ ஸ்டாருடன் பீட்டில்ஸ்” என்று ஐவர் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பீட்டில்ஸ், இங்கிலாந்தின் லிவர்பூல் நகர ராக் இசைக்குழு; ரிங்கோ பின்னாளில் அதன் டிரம்மர் ஆனவர். படத்தோடு வரும் அந்தத் தகவல் தவறு.

படத்தில் இருக்கும் டிரம்மர் பீட் பெஸ்ட். குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குக் கிளம்பச் சில நாள் முன்புதான் சேர்ந்தார். ஐந்தாமவர் பாஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப். குழப்பம் புரிகிறது: ரிங்கோவும் அப்போது அதே ஊரில், ரோரி ஸ்டார்ம் என்ற பாடகரின் குழுவில் இருந்தார், கைசர்கெல்லர் கிளப்பில் இரு குழுக்களும் மாறிமாறி வாசித்தன.

படத்தை உற்றுப் பாருங்கள். குழுவின் பால் மெக்கார்ட்னி பிடித்திருப்பது சாதாரண கிட்டார். வயலின் வடிவ பாஸ் கிட்டாரை அவர் வாங்கியதே 1961இல்தான்; படம் அதற்கு முந்தையது.

ரிங்கோ சேர்ந்தது 1962 ஆகஸ்டில். லிவர்பூலின் ‘மெர்சி பீட்’ இதழ், 1962 ஆகஸ்ட் 23 முதல் பக்கத்தில் டிரம்மர் மாற்றத்தை அறிவித்தது, சரிபார்த்துக்கொள்ளலாம். அதுவரை இரண்டு வருடம் குழுவின் டிரம்மராக இருந்தவர் பீட் பெஸ்ட். தயவுசெய்து அந்தக் குறிப்போடு படத்தை இனி அனுப்பாதீர்கள்.