மறுகா பார்ப்பம்

எங்கள் மட்டக்களப்பில் 'பிறகு' என்பதை 'மறுகா' என்போம். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் என் வேலைகள் பலவற்றைப் பாதியில் கிடத்தியதும் இந்தச் சொல்தான்.

அம்மப்பா கையால் எழுதிய வடமோடிக் கூத்துக் கொப்பி ஒன்று வீட்டில் இருக்கிறது. வடமோடி எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து வகை. வெள்ளத்தில் நனைந்து ஓரமெல்லாம் மை கரைந்துபோனது. அதைக் கணினியில் ஏற்ற 6 வருடங்களுக்கு முன் உட்கார்ந்தேன். 40 பக்கம் மளமளவென்று போனது. அப்புறம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்று நிறுத்தினேன். மெட்டுகளையும் ஒலிப்பதிவு செய்வோமே என்று தோன்றியது. பிறகு அட்டைப்படம் பற்றி யோசித்தேன். எல்லாமே நல்ல யோசனைகள்தான். 41ஆம் பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது.

இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. முடியாத வேலை மனதுக்குள் அழகாகவே இருக்கும். முடித்து நாலு பேர் கையில் கொடுத்தால்தான் அதன் பிழைகள் தெரியவரும். எனக்கிருந்தது அந்தப் பயம்.

போன மார்கழியில், கூத்துப் பழக்கும் எங்கள் ஊர் அண்ணாவியார் வீட்டுக்கு வந்தார். "மனே, வெள்ளாமை வெட்டி முடியச் சட்டங்கொடுக்கப் போறம். கொப்பி எப்ப வரும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைத் திரும்ப உட்கார வைத்தது.

கூத்தை யாரும் 'நேரம் கிடைத்தால் ஆடுவோம்' என்று தொடங்குவதில்லை. முதலில் சட்டங்கொடுப்பார்கள், அதாவது ஆளாளுக்குப் பாட்டைப் பிரித்துவிடுவார்கள். மாதக்கணக்கில் ஆட்டம் பழகுவார்கள். சதங்கை அணியும் நாள் வரும், அடுக்கு என்ற முழு ஒத்திகை பார்ப்பார்கள், கடைசியில் அரங்கேற்றம். ஒவ்வொரு படியிலும் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். ஊரறியச் சதங்கை கட்டியவனுக்கு இடையில் விட்டுப்போக மனம் வருமா? நான் என் வேலையை யாருக்கும் சொல்லாமல், நாளும் குறிக்காமல் தனியே வைத்திருந்தேன்.

எங்கள் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை அந்த நாட்களில் அடிக்கடி நினைத்தேன். பழந்தமிழ் யாழையும் இசையையும் ஆராயும் யாழ்நூலுக்காக ஏறத்தாழ 14 வருடங்கள் உழைத்தார். அதற்கிடையில் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பொறுப்பேற்றார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1947 ஜூன் மாதம் நூல் அரங்கேறியது. ஜூலை 19 அவர் மறைந்தார். அவரும் மறுகா பார்ப்பம் என்று விட்டிருந்தால் அந்த நூல் நமக்குக் கிடைத்திருக்காது. கல்லடி உப்போடையில் அவருடைய சமாதியைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

நான் முதலில் செய்தது, வேலையைச் சுருக்கியதுதான். மெட்டு வேண்டாம், அட்டைப்படமும் வேண்டாம், பாட்டும் வசனமும் போதும். தைப்பொங்கலுக்கு மறுநாள் தருகிறேன் என்று அண்ணாவியாரிடம் வாய்விட்டுச் சொன்னேன். இரவில் 3 பக்கம், அவ்வளவுதான். வாசிக்க முடியாத வரிகளில் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்தேன். முன்பென்றால் அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் நின்றிருப்பேன்.

சொன்ன நாளில் கொடுத்தேன். அண்ணாவியார் திண்ணையில் இருந்து மெல்லப் பக்கம் புரட்டினார். நான் புள்ளி வைத்திருந்த ஓர் இடம் வந்ததும் நின்றார். கண்ணை மூடி, கையால் தாளம் தட்டி, விடுபட்ட அந்த வரியை முழுதாகப் பாடினார். பேனையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.